வீணை தனம்மாள்

நம் மன்ற நண்பர்களுள் கிட்டார் பயில்வோர் சிலர் உளர். அவர்களுள் கடைசி வரிசையில் நிற்பவன் நான். கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே வைத்துக் காலால் அழுத்தும் சிறு பெட்டி ஒன்று உண்டு, பெடல் என்பார்கள். தந்தியிலிருந்து வரும் மின்னலையின் உச்சியை அது தட்டையாக நறுக்கிவிடும். நறுக்கவே, ஒலி கரகரத்துப் பருத்து, நெடுநேரம் நின்று முழங்கும். உலகப் புகழ் பெற்ற வாசிப்பாளர் பலர் கைக்கொண்ட பெடல் ஒன்றை, செம்பூரில் சிறுவர்க்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில், பழையதாக வாங்கினேன். வாங்கிய அன்றே எனக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை. நான் விரல் நுனியால் மெல்ல வாசிப்பவன். மெல்லத் தொட்டாலும் ஓங்கித் தட்டினாலும் அந்தப் பெட்டி இரண்டையும் ஒரே பருமனாக்கிக் கொடுத்தது. பெட்டியின் மேல் குற்றமில்லை. அதன் வேலையே அதுதான். ஆனால் புகழ் பெற்ற பொருளாயிற்றே! குற்றம் என் கையில்தான் என்று எண்ணி, ஆறு மாத காலம் கையை மாற்றப் பார்த்தேன்.

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்குக் கீழ் மாடியில் மாமி ஒருவர் குடியிருக்கிறார். இளமையில் வீணை கற்றவர். ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, பெட்டி இல்லாமல் நான் வாசித்த நாள்களில் தம் வீட்டுச் சன்னலைத் திறந்து வைத்ததாகவும், பெட்டி வந்தபின் சாத்திவிட்டதாகவும் சொன்னார். எனக்கு முகம் சிறுத்துப் போயிற்று. மாமி அதைக் கண்டு மனமிரங்கி, வீணை தனம்மாளைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா என்று கேட்டார். பெயர்தான் தெரியும் என்றேன். அதன்பின் தேடிப் படித்தவற்றையும், அறிந்தோர் சொல்லக் கேட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

தனம்மாள் 1867ஆம் ஆண்டு சென்னையில், இன்று ஜார்ஜ் டவுன் என்று வழங்கும் பகுதியில் பிறந்தார். அவருடைய முன்னோர் தஞ்சை அரசவையில் ஆடியும் பாடியும் வாழ்ந்தவர்கள். பாட்டியார் காமாட்சியம்மாள் நாட்டியத்தில் பேர் பெற்றவர். தாயார் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரியின் மகனாகிய சுப்பராய சாஸ்திரியிடம் பாட்டுப் பயின்றவர். ஆகவே, தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே குழந்தையின் செவியில் விழுந்தது உயர்ந்த இசை. தஞ்சையில் அரசு மறைந்து, ஆதரித்தோர் குறைந்து, கலைஞர்கள் சென்னைக்கு வந்து குடியேறிய காலம் அது. கடைவீதியும் கப்பல் வாணிகமும் செழித்த அந்தப் பட்டணத்தில் புதிய செல்வர்கள் இருந்தார்கள். செவியுள்ள செல்வர்களும் இருந்தார்கள்.

தனம்மாளுக்கு வாய்த்த ஆசிரியர்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. சியாமா சாஸ்திரியின் பேரர் அண்ணாசாமி சாஸ்திரி, அவர் வழிப் பாடல்களைக் கற்பித்தார். சாத்தனூர் பஞ்சநத ஐயரிடமிருந்து முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் கிடைத்தன. வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாசர் என்றொரு பெரியவர். கண் பார்வை அற்றவர். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ஷேத்திரஞரின் தெலுங்குப் பதங்கள் அவரிடம் கருவூலம் போலக் குவிந்திருந்தன. அவற்றைத் தனம்மாள் அவரிடமிருந்தே பெற்றார். ஜாவளிகள் இயற்றிய தருமபுரி சுப்பராயர், அந்த வீட்டாருக்கு நெருங்கிய நண்பர். இவ்வாறு பல ஊற்றுகளின் நீர் ஒரு கிணற்றில் வந்து சேர்ந்தது.

பதம் என்பது விரைந்து ஓடும் பாட்டன்று. மிகவும் தாழ்ந்த காலத்தில், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே ஒரு மூச்சுக்கு மேல் இடம்விட்டு நடக்கும். அந்த இடைவெளியில் சுரம் வளைந்து, தேய்ந்து, அடுத்த சுரத்தைத் தேடிப் போகும். பதத்தின் சுவை பெரும்பாலும் அந்தத் தேய்விலேயே இருக்கிறது. இதை மனத்தில் கொண்டால்தான் தனம்மாளின் வீணை ஏன் அப்படி ஒலித்தது என்பது விளங்கும்.

வீணை எப்படிப் பேசுகிறது என்பதையும் சிறிது பார்ப்போம். பலா மரத்தில் குடைந்த குடம், நீண்ட தண்டி, அதன்மேல் மெழுகில் பதித்த 24 மெட்டுகள், வாசிப்பதற்கு நான்கு தந்திகள், பக்கத்தில் தாளத்துக்கு மூன்று. வலக்கை விரல் தந்தியை மீட்டுகிறது. இடக்கை விரல் மெட்டின்மேல் தந்தியை அழுத்தி, ஓரமாக இழுக்கிறது. இழுக்க இழுக்கச் சுரம் ஏறும். தேர்ந்த கையானால் ஒரே மெட்டில் நின்றபடி மூன்று நான்கு சுரங்களைக் காட்டிவிடலாம். ஆனால் ஒரு தடை உண்டு. மீட்டிய நொடியில் ஒலி பெரிதாகப் பிறந்து, சில நொடிகளில் மெலிந்து மறைந்துவிடும். இழுப்பினால் பிறக்கும் கமகமெல்லாம் அந்த மெலியும் பகுதியில்தான் நிகழ்கின்றன. பெரிய கூட்டத்தில், இருமலும் செருமலும் நிறைந்த இடத்தில், மீட்டின் முதல் அதிர்வு கேட்கும், கமகம் கேட்காது. கேட்கச் செய்ய வேண்டுமானால் மறுபடி மறுபடி மீட்ட வேண்டும். அப்படி மீட்டினால், வளைந்து போகவேண்டிய சுரம் துண்டு துண்டாக வெட்டுப்படும்.

இந்த இக்கட்டிலிருந்து தப்ப வீணைக்காரர் பலர் கையாண்ட வழி, விரலில் கம்பி வளையம் மாட்டிக்கொள்வது. மிஸ்ராப் என்று சொல்வார்கள். கம்பியும் கம்பியும் உரச, ஒலி கணீரென்று எழும், தூரத்திலுள்ளவனுக்கும் கேட்கும், நகமும் தேயாது. நல்ல கருவிதான். பெரிய வித்துவான்கள் அதை அணிந்து அரிய சங்கீதம் வாசித்திருக்கிறார்கள். தனம்மாளோ வெறும் விரலால், நகத்தால் மீட்டினார். மீட்டும் குறைவு. ஒருமுறை தொட்டுவிட்டு, அந்த ஒலி கடைசி இழை வரை தேய்ந்து போகும்வரை இடக்கையால் அதைப் பேசவைப்பார். கூடவே தாமும் மெல்லிய குரலில் பாடுவார். வீணை எங்கே நின்றது, குரல் எங்கே தொடங்கியது என்று பிரித்தறிய முடியாதாம்.

மிருதங்கத்தையும் அவர் பெரும்பாலும் வைத்துக்கொள்ளவில்லை. தாள அறிவு குறைவு என்று எவரும் எண்ணவேண்டா. பதத்தின் இடைவெளிகளை மிருதங்கத்தின் சொற்கட்டு நிரப்பிவிட்டால், வீணையின் தேய்வுக்கு எங்கே இடம்? எந்தக் கச்சேரிக்கும் மிருதங்கம் அழகு என்று ஊரெல்லாம் ஒப்புக்கொண்ட செய்தி. அந்த அழகு தம் கைக்கு வேண்டா என்று ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலைகளைச் சொல்லாமல் தனம்மாளின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. ஜார்ஜ் டவுனில் இருந்த அவர் வீட்டில் வெள்ளிதோறும் அவர் வாசிப்பார். மேடையில்லை, விளம்பரமில்லை. ஓர் அறையில் கொள்ளுமளவு மக்கள் வந்து தரையில் அமர்வார்கள். சங்கீதத்தில் ஊறிய பெரியவர்களும், பேர் பெற்ற வித்துவான்களும் அங்கே மாணவர் போல வந்து உட்கார்ந்தார்கள். பேச்சுக் கூடாது. தலையாட்டலும் பெருமூச்சும் போதும். வாய்விட்டுப் பாராட்டுவதுகூட அங்கே இடையூறு. ஒலிக்குத் துணையாக அவர் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. அது கேட்போரின் அமைதி. ஒலியைப் பெருக்குவதற்குப் பதிலாக, அறையின் அரவத்தைக் குறைத்தார். கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தாராவியில் திருவிழா நாளில் மூன்று ஒலிபெருக்கிகளுக்கு நடுவே தேர்வுக்குப் படித்த நண்பர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

இதற்கு அவர் கொடுத்த விலையை மறைத்துவிட்டு எழுதினால் அது புகழ்மாலையாகுமே தவிர வரலாறு ஆகாது. ஓர் அறையில் எத்தனை பேர் அமர முடியும்? சபாக்கள் பெருகி, நுழைவுச்சீட்டு விற்றுப் பெரிய கூட்டங்களுக்குக் கச்சேரி நடந்த காலத்தில், அறை இசையை நம்பி வாழ்ந்தவர்க்குச் செல்வம் எப்படிச் சேரும்? பெரிய குடும்பம், நான்கு பெண்மக்கள், பேரன் பேத்திகள். பிற்காலத்தில் பணமுடை அவரை விடவில்லை. கண் பார்வையும் மங்கி, கடைசியில் முற்றும் போயிற்று. பதம் கற்றுத் தந்த ஆசிரியரைப் போலவே அவரும் இருளில் அமர்ந்து வாசிக்கலானார். மெட்டுகளைக் கண்ணால் பார்க்கத் தேவையில்லாத கை அது என்பது மட்டும் ஆறுதல்.

மற்றொரு சுமையும் அந்த வீட்டின்மேல் விழுந்தது. அவர் பிறந்தது தேவதாசி மரபில். 1920களின் பிற்பகுதியில் முத்துலட்சுமி ரெட்டியார் அம்மரபை ஒழிக்கச் சட்டசபையில் போராடினார். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. பெண்களைக் கொடுமையிலிருந்து மீட்ட சட்டம் அது. அதை நாம் குறைகூற முடியாது. ஆயினும் அந்த ஆண்டுகளில் அக்குலத்துக் கலைஞர்களைச் சமுதாயம் பார்த்த பார்வை கடுமையாக இருந்தது. அவர்களிடம் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தவர்களே அவர்கள் பெயரைச் சொல்லத் தயங்கினார்கள். தனம்மாளின் வீட்டுக்கு வெள்ளிதோறும் வந்தவர்கள் தயங்காதவர்கள்.

அதே ஆண்டுகளில்தான் ஒலிபெருக்கி சென்னைக் கச்சேரிகளுக்குள் நுழைந்தது. இதைப் பற்றி நம்மில் சிலர் எளிதாகப் பழிசொல்லிவிடுகிறார்கள், அது நேர்மையன்று. ஒலிபெருக்கி வருமுன், நாடக மேடையிலும் கோயில் வெளியிலும் பாடியவர்கள் கடைசி ஆளுக்கும் கேட்கவேண்டுமென்று உயர்ந்த சுருதியில் உரக்கப் பாடினார்கள், தொண்டையை வருத்திக்கொண்டார்கள். ஒலிபெருக்கி வந்தபின் சுருதி இறங்கிற்று. மெல்லிய குரலுடையவர்களும் ஆயிரம் பேர் நடுவே நுணுக்கமாகப் பாட முடிந்தது. ஆக, குரலுக்கு அது பெரும் நன்மை செய்தது. வீணைக்குச் செய்த நன்மை அவ்வளவு தெளிவானதன்று. ஒலிபெருக்கி கமகத்தை மட்டும் பெருக்குவதில்லை. மீட்டின் அடியையும், மெட்டில் விரல் உரசும் ஓசையையும் சேர்த்தே பெருக்கும். பிற்காலத்தில் வீணையின் மரத்திலேயே ஒட்டவைக்கும் மைக் வந்தது. அது மரத்தின் அதிர்வை நேரே வாங்கித் தருவதால், ஒலி நீண்டு நிற்கிறது. சிறிய மீட்டுக்கும் பெரிய முழக்கம் கிடைக்கிறது. அந்த முழக்கத்துக்கென்றே கையைப் பழக்கி, அழகாக வாசித்தவர்கள் உண்டு. அவர்கள் கைக்கு அது பொருந்தியது.

தம் கைக்கு வேண்டாதது உலகில் எவர் கைக்கும் வேண்டா என்று தனம்மாள் நினைத்திருந்தால், காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் வீட்டுக்குத் தம் பேத்திகளை அனுப்பியிருக்கமாட்டார். நாயனாப் பிள்ளை யார் என்று தெரிந்தவர்களுக்கே இதன் சுவை புரியும். தாளத்தில் புலி. அவர் கச்சேரியில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியக்காரர்கள் மேடை நிறைய அமர்ந்திருப்பார்கள். மிருதங்கமே இல்லாமல் வாசித்த பாட்டி, பிருந்தாவையும் முக்தாவையும் இந்தப் பெருமகனிடம் பாடம் கேட்க அனுப்பினார். நாயனாப் பிள்ளையும் தனம்மாளின் இசையில் மதிப்பு வைத்து, அவரிடமிருந்து பாடல்கள் பெற்றவர். இருவர் வாசலும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்த்திசை; நடுவே போக்குவரத்து இருந்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1932ஆம் ஆண்டு. நம் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிய அதே ஆண்டு. கொலம்பியா இசைத்தட்டுக் குழுவினர் தனம்மாளின் வீணையைப் பதிவு செய்தார்கள். அவருக்கு அப்போது வயது 65. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். வெள்ளிக்கிழமை மாலையில் ஓர் இராகத்தை அவசரமின்றி விரித்துச் செல்பவர், அதை மூன்று நிமிடச் சிமிழுக்குள் அடைத்தார். மைக் முன்னால் அவர் வாசித்ததற்குச் சான்று அந்தத் தட்டுகளே. ஆகவே இயந்திரங்களையே வெறுத்தவர் என்று அவரைச் சித்திரிப்பதும் பொருந்தாது. இயந்திரம் அவரைத் தேடி வந்தது. அவர் தம் மீட்டை மாற்றிக்கொள்ளாமல் அதன்முன் அமர்ந்தார்.

தனம்மாள் 1938இல் மறைந்தார். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியிருந்தது. வீடுதோறும் பெட்டியிலிருந்து வீணை கேட்கும் காலம் பிறக்க, அறையில் அமர்ந்து கேட்கும் காலத்தின் பெரிய பிரதிநிதி விடைபெற்றுக்கொண்டார்.

அவர் வழியில் வந்தவர்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். மகள் காமாட்சியின் பெண்களாகிய பிருந்தாவும் முக்தாவும் பாட்டியின் பதங்களைக் குரலில் காத்தார்கள். இன்னொரு மகள் ஜயம்மாள் சிறந்த பாடகி. அவருடைய மகளே நாட்டிய மேதை பாலசரஸ்வதி. பாலசரஸ்வதி 1925இல், ஏழு வயதில், காஞ்சியில் அரங்கேறினார். அந்தக் குடும்பத்தின் பெண்கள் நாட்டியத்தை விட்டு விலகியிருந்த நேரம் அது. ஊராரின் ஏச்சும் இருந்தது. அப்படியிருந்தும் பாட்டி இசைந்தார். ஜயம்மாளின் புதல்வர்களில் ரங்கநாதன் மிருதங்கம் வாசித்தார், விசுவநாதன் புல்லாங்குழல். மிருதங்கத்தை ஒதுக்கிய வீட்டில் ஒரு மிருதங்க வித்துவான்! இருவரும் அமெரிக்கா சென்று, அங்கே பல்கலைக்கழக மாணவர்க்கு நம் இசையைக் கற்பித்தார்கள். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் பாலசரஸ்வதிக்கு 1973இலும், பிருந்தாவுக்கு 1976இலும், விசுவநாதனுக்கு 1988இலும் கிடைத்தது. ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகள் மூவர்.

இத்தனை பேர் வந்தும், தனம்மாளின் வீணை மீட்டு அப்படியே எவர் கைக்கும் வரவில்லை என்பதே அறிந்தோர் கருத்து. அது குரலில் புகுந்தது, குழலில் புகுந்தது, பாலசரஸ்வதியின் கண்ணிலும் கையிலும் புகுந்தது என்று சொல்லலாம். பதத்துக்கு அவர் அபிநயம் பிடிக்கையில், ஒரு பாவம் தேய்ந்து மறுபாவம் பிறக்கும் இடைவெளியைப் பழைய ரசிகர்கள் பாட்டியின் வீணையோடு ஒப்பிட்டார்களாம். நான் பார்த்தது சத்தியஜித் ராய் எடுத்த படத்தில் மட்டுமே. அந்த அளவிலும் அது உண்மை போலவே தோன்றியது.

நம் கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகில் நிற்கும் சண்முகானந்த அரங்கத்தை எல்லோரும் அறிவோம். 1952இல் தோன்றிய சபை, 1963இல் ஏறத்தாழ மூவாயிரம் பேர் அமரும் அரங்கத்தைக் கட்டி எழுப்பியது. 1990இல் தீயால் அழிந்து, 1998இல் மீண்டும் எழுந்தது. சென்ற குளிர்காலத்தில் அங்கே மேல் மாடத்தில் அமர்ந்து ஒரு வீணைக் கச்சேரி கேட்டேன். ஒவ்வொரு சுரமும் கணீரென்று வந்தது. மூன்று மிருதங்க ஆவர்த்தனத்துக்குப் பின்னும் வீணை நின்று முழங்கிற்று. மகிழ்ந்தேன். பொய் சொல்லமாட்டேன், கைதட்டவும் செய்தேன்.

மறுநாள் இரவு வீட்டில், தனம்மாளின் 1932ஆம் ஆண்டு இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவு ஒன்றைக் கைபேசியில் போட்டேன். முதலில் ஊசி உரசும் இரைச்சல்தான் கேட்டது. வீணை எங்கோ அடுத்த தெருவில் ஒலிப்பது போல இருந்தது. ஒலியைக் கூட்டினேன்; இரைச்சலும் கூடிற்று. எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன். சன்னலைச் சாத்தினேன். பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அண்ணனிடம் சென்று, மூன்று நிமிடம் அதை நிறுத்தும்படி வேண்டினேன். திரும்பி வந்து, ஒலியைப் பழைய அளவுக்கே குறைத்து, முதலிலிருந்து போட்டேன். இப்போது கேட்டது. ஒரே மீட்டில் சுரம் எழுந்து, வளைந்து, கீழே இறங்கி, இன்னும் கொஞ்சம் இறங்கி, இரைச்சலுக்குள் மறையும் இடத்தில்கூட அசைந்துகொண்டிருந்தது. தட்டு முடிந்ததும், அண்ணன் கதவோரம் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். மறுபடி போடச் சொன்னார்.

பெடலைச் செம்பூர் நண்பர் ஒருவர் வாங்கிக்கொண்டார். உலோக வில்லையால் தந்தியை ஓங்கி அடித்து வாசிப்பவர் அவர். அவர் கையில் அது மிக நன்றாக ஒலிக்கிறது. கீழ் மாடி மாமியின் சன்னல் இப்போது திறந்திருக்கிறது.